கலஹா பஸ்ஸில் காது திறக்கும் பயிற்சி

நாளை மறுநாள் திருகோணமலையில் என் முதல் ஸ்கூபா டைவ். ஆழமில்லாத பவளப்பாறைதான், நகத்தளவு நத்தைகளும் இறால்களும் பார்க்கலாம் என்கிறார்கள். ஆனால் இறங்கும்போது காது அடைக்குமாம். மூக்கைப் பிடித்து ஊதித் திறக்க வராதவர்கள் படகிலேயே இருக்க வேண்டியதுதான் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

எனக்கு இடது காது திறப்பதேயில்லை.

மலை மேலுள்ள கலஹாவிலிருந்து பேராதனைக்கு பஸ் இறங்கும்போதும் காது அடைக்குமல்லவா? இன்று வேலை முடிந்து வரும்போது அங்கேயே பழகினேன். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, கன்னம் உப்ப ஊதினேன்.

பக்கத்தில் இருந்த அக்கா பதறிப்போய் ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையை என் மடியில் விரித்தார்.

"அடக்காதீங்க தங்கச்சி, இதுல எடுங்க!"

பிறகு கண்டக்டரிடம், "கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க, இந்தப் புள்ளைக்கு வாந்தி வருது!"

முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ அக்கா, வாந்தி இல்ல. கடலுக்கு அடியில போகப் பழகுறேன்" என்று விஷயத்தைச் சொன்னேன். வாயில் குழாய் வைத்து மூச்சு விடுவதையும் சொன்னேன்.

"அம்புட்டு தூரம் எதுக்குப் போறீங்க?"

"சின்னச் சின்ன உயிரினங்கள பாக்க."

"அதுக்கா? எங்க மலையில அட்டை இருக்கே, காலைத் தேடி அதுவே வரும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சரி, வாயில குழாய். தண்ணிக்குள்ள வாந்தி வந்தா என்னா செய்வீங்க?"

இதை நான் யோசித்ததே இல்லை. பயத்தில் எச்சிலை விழுங்கினேன்.

டப். இடது காது திறந்துவிட்டது.

பையை என்னிடமே விட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார். டைவ் செய்தவர்கள் யாராவது அவர் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அதுவரை பை என் பயணப் பெட்டியில் இருக்கிறது.