அனிமே ஆண்பால்

பலேர்மோவில் நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் இத்தாலியன் சொல் 'அனிமே'. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் அந்த நகரின் கால்சாப் பகுதியில் குடியிருந்தோம். எங்கள் ஒழுங்கை தொடங்கும் மூலையில், சுவரோடு ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு படம்: நெருப்புக்குள் இடுப்பளவு நின்றபடி கையைத் தூக்கிக் கும்பிடும் மனிதர்கள். படத்தின் கீழே பெரிய எழுத்தில் அந்தச் சொல். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பார்த்தே எழுத்துக்கள் பிடிபட்டன. கருத்தைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தந்தாள். ஆத்துமாக்களாம். மோட்சத்துக்குப் போக முன்னம் காத்துக்கிடக்கும் ஆத்துமாக்கள். ஒன்றென்றால் அனிமா, பலவென்றால் அனிமே. பெண்பால்.

இத்தாலியனில் எனக்குப் பெரிய பகை இந்தப் பால்தான். கதிரை பெண், புத்தகம் ஆண். சொல்லுக்கு முன்னால் ஒரு குட்டிச் சொல் வந்து அது ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று அறிவிக்க வேண்டும். பெண்கள் பலரென்றால் 'லே'. ஆண்கள் பலரென்றால், சில சொற்களுக்கு, நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொல்லும் ஒரு 'லீ'. இத்தாலியர்கள் தாய்ப்பாலோடு குடித்ததை நான் ஒரு பழைய கொப்பியில் அட்டவணை போட்டுப் பாடமாக்கினேன். மூன்று வருடத்தில் பிழைவிடாமல் பேசினேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வேலை ஒரு வீடியோக் கடையில். போர்கோ வெக்கியோச் சந்தையிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் வழியில், கசெற் வாடகைக்குக் கொடுக்கும் கடை. சொந்தக்காரி ஐம்பது வயது சிஞ்ஞோரா; அங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான். கறாரான மனுசி. மேலே அவரின் வீடு, கீழே கடை, இரண்டையும் காலையில் துடைத்துப் பெருக்குவது என் பொறுப்பு. கடையில் நான் வாய் திறப்பதற்கு வேலையே இல்லை. ஆனாலும் கசெற் அட்டைகளைத் தூசி தட்டும்போது எல்லாவற்றையும் வாசித்துவிடுவேன்.

ஒருநாள் காலையில் ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். நேப்பிள்ஸில் ஜப்பானிய மொழி படிக்கிறவள், சிஞ்ஞோராவின் சிநேகிதியின் மகள். கப்பலால் இறங்கி நேரே கடைக்கு வந்திருந்தாள். தோளில் உடுப்புப் பை, கையில் கசெற் நிறைந்த இன்னொரு பை. அவற்றை அடுக்கிவைக்கக் கடையில் ஒரு தட்டு தரும்படி கேட்டாள். ஜப்பான் கார்ட்டூன் படங்களாம். நேப்பிள்ஸில் பெரிய ஆட்களே வரிசையில் நின்று எடுக்கிறார்களாம். (அவர்கள் பேசியது இத்தாலியன்தான். என் ஞாபகத்தில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.)

"கார்ட்டூன் தட்டு அங்கை இருக்குத்தானே, அதுக்குள்ளை வை," என்றார் சிஞ்ஞோரா.

"அது சின்னப்பிள்ளையளின்ரை. இது வேறை. இதுக்கு வேறை பேர் இருக்கு."

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு கிடைத்தது. கறுப்பு மையால் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டு, நித்திரை வருகிறது என்று வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தும்புத்தடியோடு கிட்டப் போய் வாசித்தேன். ANIME.

எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அது ஒக்டோபர் கடைசி. நவம்பர் இரண்டாம் திகதி அங்கே இறந்தவர்களின் நாள். செத்துப்போன சொந்தக்காரர் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் நாள். ஊரெல்லாம் சீனியில் செய்த பொம்மைகளும் மெழுகுதிரிகளும் விற்றன. கடையிலும் அதற்கென்று ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கே, சிஞ்ஞோரா தபாற்கந்தோருக்குப் போயிருந்த நேரம், ஒரு பெண் உள்ளே வந்தாள். எனக்குத் தெரிந்த முகம். சந்தையில் உருளைக்கிழங்கும் கூனைப்பூவும் அவித்து விற்பவள். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய அவளுடைய புருஷன் அந்த வருடம்தான் செத்திருந்தான். கறுப்புச் சட்டை. அட்டையைப் பார்த்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள்.

"இது அந்த அனிமேயோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓம் சிஞ்ஞோரா. லே அனிமே. இந்தத் தட்டு முழுக்க லே அனிமே."

'லே' என்பதை அழுத்திச் சொன்னேன். இலக்கணப் பிழை விடாத சந்தோசம் எனக்கு. அவள் கசெற் அட்டைகளைத் தடவிப் பார்த்து, ஒளிவட்டத்துக்குள் ஒரு கப்பல் மேகத்தின் மேலே போகும் படத்தை எடுத்தாள். "அவர் கப்பலடியிலைதான் வேலை செய்தவர்," என்றாள். நான் அவளின் பெயரைக் குறித்துக்கொண்டு கசெற்றைக் கொடுத்தனுப்பினேன். அதுவரை நான் யாருக்கும் ஒன்றும் எடுத்துக் கொடுத்ததில்லை.

அடுத்தநாள் காலையில் அவள் வந்தபோது சிஞ்ஞோராவும் நின்றார். கசெற் மேசையில் வந்து விழுந்தது.

"என்ரை புருஷனை வைச்சுப் பகிடி பண்ணுறியளோ?"

அவள் தன் மருமகன் வீட்டில் வீடியோ டெக் இருக்கிறது என்று அங்கே போயிருக்கிறாள். மச்சாள்மாரையும் அயலையும் கூப்பிட்டிருக்கிறாள். மெழுகுதிரி கொளுத்தி, செபமாலை சொல்லி முடித்து, கசெற்றைப் போட்டிருக்கிறார்கள். வானத்தில் இரும்பு மனிதர்கள் இரண்டு பேர் ஆளையாள் வெட்டிக்கொண்டு நின்றார்கள். மச்சாள் ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டிருக்கிறது.

"ஆர் இதைக் குடுத்தது?" என்றார் சிஞ்ஞோரா.

"நான்தான்."

சிஞ்ஞோரா அவளிடம் நூறு மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "நீ துடைக்க வந்தனீ. துடை. ஆரும் ஏதும் கேட்டால் வாயைத் திறக்காதை."

அன்று பின்னேரம் என் கணவர் துறைமுகத்திலிருந்து வந்தார். கப்பல்களின் அறைகளைத் துப்புரவாக்குகிற வேலை அவருக்கு. என்னைக் கண்டதும் கேட்டார், "என்னப்பா, உம்மடை முகம் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு?"

சொன்னேன்.

"விட்டுத் தள்ளும். வேறை சிஞ்ஞோரா பிடிப்பம். இந்த ஊரிலை வீட்டுக்கு ஒரு சிஞ்ஞோரா."

"வேலையை விட மாட்டன். நான் பிழையாய்க் கதைக்கேல்லை. அந்தச் சொல்லுக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியவேணும்."

"சொல்லுக்கு என்ன நடக்கிறது?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நேப்பிள்ஸ்காரி தட்டைப் பார்க்க வந்தபோது, தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு நேரே கேட்டேன்: "இது ஆத்துமா இல்லையெண்டால் என்ன?"

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்து, ஒரு கடிதக் கோப்பைத் திறந்தாள். பிரான்ஸ், ஸ்பெயின், அமெரிக்கா என்று எங்கெங்கோ இருந்து வந்த கடிதங்கள். எல்லாரும் இந்தப் படங்களுக்காகக் கசெற்றும் கடிதமும் மாற்றிக்கொள்கிறவர்கள்.

"இங்கிலிஷிலை அனிமேஷன் எண்டு சொல்லுறது. ஜப்பான்காரர் அதை எடுத்தவை. அனிமேஷோன் எண்டு சொல்லிப் பாத்திட்டு, நீளமாய்க் கிடக்கெண்டு வாலை வெட்டி அனிமே ஆக்கிப்போட்டினம். அவைக்கு எந்த நாட்டுக் கார்ட்டூனும் அனிமேதான். வெளியிலை இருக்கிற நாங்கள்தான் ஜப்பான் படத்துக்கு மட்டும் அந்தப் பேரை வைச்சிருக்கிறம். பாருங்கோ, இந்தப் பிரெஞ்சுக்காரன் கடைசி எழுத்துக்கு மேலை கோடு போடுறான். இந்த அமெரிக்கன் முந்தி ஜப்பானிமேஷன் எண்டு எழுதினவன், இப்ப அனிமே எண்டு எழுதுறான்."

"இங்கிலிஷ்காரருக்கு எங்காலை வந்தது?"

"லத்தீனிலை இருந்து. உயிர் குடுக்கிறது எண்டு கருத்து. அதுக்கு வேர் அனிமா."

நான் யோசித்தேன். "அப்ப எங்கடை மூலைப் பெட்டியிலை இருக்கிற சொல்லுத்தான் உலகம் சுத்தி ஜப்பானுக்குப் போயிட்டு வந்திருக்கு."

"ஓம்," என்றாள். "ஆனால் நீங்கள் 'லே' எண்டு சொல்லக்கூடாது. இத்தாலியனிலை நாங்கள் இதை ஆண்பாலாய்த்தான் சொல்லுறம். லீ அனிமே."

"போகேக்கை பொம்பிளையாய்ப் போய் வரேக்கை ஆம்பிளையாய் வந்திருக்கோ?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த முறை நானும் சிரித்தேன். எனக்குத் தேவையானது கையில் கிடைத்துவிட்டது. வேலை முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு நேரே சந்தைக்குப் போனேன்.

கிழங்கு அண்டாவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவள் மற்றப் பக்கம் திரும்பினாள். பக்கத்துக் கடை மீன்காரன் கத்தியை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினான். நான் சத்தமாகவே சொன்னேன்:

"சிஞ்ஞோரா, பிழை என்ரை. நான் 'லே அனிமே' எண்டு சொன்னனான். அது லீ அனிமே."

அவள் திரும்பிப் பார்த்தாள். "லீயோ?"

"லீ."

"அப்ப அது வேறை என்னவோ சாமான்."

"வேறை சாமான்தான். ஜப்பான் சொல். நானும் அந்த அட்டையைப் பாத்து, செத்த ஆக்களின்ரை எண்டுதான் நினைச்சனான். உங்கடை மனுசனுக்கு எண்டு நினைச்சுத்தான் எடுத்துத் தந்தனான். பகிடி பண்ணேல்லை."

அவள் கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டினாள். "அந்த அட்டையிலை 'லீ' எண்டு போட்டிருந்தால் நான் உள்ளுக்கே வந்திருக்க மாட்டன்," என்றாள். "கடைக்காரியிட்டைச் சொல்லு." பிறகு மீன்காரனைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குத் தெரியுது. எழுதினவளுக்குத் தெரியேல்லை," என்றாள். அவள் பேசியதில் பாதி சிசிலியன். கோபம் போய்விட்டது என்பது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது.

கடைக்குத் திரும்பினேன். சிஞ்ஞோராவும் நேப்பிள்ஸ்காரியும் நின்றார்கள். வாயைத் திறக்காதே என்று சொன்னவரிடம் வாயைத் திறந்தேன்.

"அட்டையை மாத்த வேணும். 'லீ' போட வேணும்."

"பகிடிப் படம், பேய்ப் படம், ஒண்டுக்கும் முன்னாலை அது போடுறேல்லையே," என்றார் சிஞ்ஞோரா.

நேப்பிள்ஸ்காரிக்கும் பிடிக்கவில்லை. "உலகத்திலை ஒருத்தரும் அப்பிடி எழுதுறேல்லை. பிரான்ஸிலை எழுதுறேல்லை, அமெரிக்காவிலை எழுதுறேல்லை."

"பிரான்ஸிலை ஆத்துமாவுக்கு வேறை சொல்லு," என்றேன். "அங்கை இது வெறும் வீட்டுக்கு வாற மாதிரி. இஞ்சை அந்தச் சொல்லுக்குள்ளை முந்தியே ஆக்கள் குடியிருக்கினம். புதுசாய் வாறவர்தான் தான் ஆரெண்டு வாசலிலை சொல்லவேணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. சந்தைக்காரி சொன்னதையும் சொன்னேன். சிஞ்ஞோரா மேசை இழுப்பறையிலிருந்து மைப்பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே எழுது."

GLI ANIME என்று எழுதினேன். என் எழுத்து அவளுடையதைவிட வடிவு.

அந்தக் கிழமை முழுவதும் வந்தவர்கள் எல்லாரும் அந்த 'லீ'யில் தடக்கினார்கள். இதென்ன இலக்கணப் பிழை என்று ஒரு வாத்தியார் சண்டைக்கே வந்தார். பிழை என்று கேட்க வந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கம் கேட்டவர்களில் சிலர் கசெற்றும் எடுத்தார்கள். சிஞ்ஞோராவுக்கு ஜப்பான் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அலுத்துவிட்டது. "அவளைக் கேளுங்கோ," என்று என் பக்கம் கையைக் காட்டத் தொடங்கினார். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் பின்னேரங்களில் கல்லாவில் நிற்கச் சொன்னார். காலையில் துடைக்க என் கணவரின் சிநேகிதர் ஒருவரின் மனைவி வந்தாள். அவளுக்கு நான் முதலில் சொன்னது, யாராவது ஏதும் கேட்டால் தாராளமாக வாயைத் திறக்கலாம் என்பதைத்தான்.

அந்த முதல் கிழமைக் கடைசியில், நேப்பிள்ஸ்காரி கப்பலேறிப் போக முன்னம் என்னைக் கேட்டாள்: "நீங்கள் இதிலை ஒண்டாவது பாத்தனீங்களோ?"

இல்லை. அத்தனை பேருக்கு விளக்கம் சொன்ன நான் ஒரு படமும் பார்த்திருக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. இத்தாலியன் குரல் போட்ட ஒன்றை அவளே தெரிவுசெய்து தந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிஞ்ஞோரா இரவலாகத் தந்த டெக்கை எங்கள் தொலைக்காட்சியில் பூட்டினோம். இரும்பு மனிதர்கள் வருவார்கள் என்று என் கணவர் தயாராக இருந்தார். ஒருவரும் வரவில்லை. மழை பெய்தது. ஒரு பெண் வேலையால் வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். குசினியில் சோறு போட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்தாள். அந்தச் சோற்றின் ஆவியைக்கூட ஒருத்தர் இருந்து படமாய்க் கீறியிருக்கிறார்.

இத்தனை வருடத்தில் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனவரை நாங்கள் கண்டதில்லை. என் கணவர் எழும்பி முன்னால் வந்து இருந்தார்.

"சோறுதானே அது?"

"சோறுதான்."

"இத்தாலியன் கதைச்சுக்கொண்டு சோறு சாப்பிடுதுகள்," என்றார். "எங்களை மாதிரி."

படம் முடியும்வரை இரண்டு பேரும் எழும்பவில்லை. அடுத்த கிழமை எங்கள் தமிழ் ஆட்கள் கடைக்கு வந்தபோது அந்தக் கசெற்றை நானாகவே எடுத்து நீட்டினேன். "இதைக் கொண்டுபோய்ப் பாருங்கோ," என்றேன். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை போற ஆக்களின்ரை படம்." அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.