தங்கவேல் தனியாக ஊர் போன கதை

துணை மாணவன் என்பது சம்பளமில்லாத உத்தியோகம். மேலதிகாரிகள் மட்டும் தெருவெல்லாம் இருப்பார்கள். கல்லூரியில் யாருக்காவது இப்படித் துணையாகப் போடப்பட்டுத் திண்டாடியவர்கள் உங்களில் இருந்தால், தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள். சிரித்தால் உங்கள் கதையும் இதேதான் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நியமனம்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் போலியோ வந்ததால் இடது காலில் இரும்புக் காலிப்பர். அந்த வருஷம் முதலாண்டு வரலாற்று வகுப்பில் தங்கவேல் வந்து சேர்ந்தான். காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துப் பையன். பிறவியிலேயே பார்வை இல்லை. படித்து வாத்தியாராக வேண்டும் என்பது அவன் ஆசை. புதிதாக வரும் ஊனமுற்ற மாணவனுக்கு மூத்த ஊனமுற்ற மாணவனே துணை என்று எங்கள் பேராசிரியர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அப்படித்தான் விடுதியில் அவனுக்குப் பக்கத்துக் கட்டில் எனக்கு வந்தது.

எனக்குப் பயம். “நானே மாடிப்படி ஏறுனா நின்னு நின்னு ஏறுறேனுங்கய்யா. அவனை எப்படீங்க...” என்று இழுத்தேன். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு கண்ணும் மூணு காலும் இருக்குதுங்க தம்பி. அத வெச்சு ரெண்டு டிகிரி வாங்க முடியாதுங்களா?”

புள்ளி எழுத்து

நான் எதையும் யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. தட்டச்சு, இந்தி, ரேடியோ ரிப்பேர் எல்லாமே புத்தகம் பார்த்து நானாகக் கற்றவை, எல்லாமே அரைகுறை. தங்கவேல் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலையும் அப்படியே பிடித்தேன். தங்கவேல் குளிக்கப் போன சமயம் அவனுடைய பலகையையும் ஊசியையும் எடுத்து, ‘மதியம் கேண்டீனுக்கு வா’ என்று குத்திக் குத்தி எழுதி, தலையணை மேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மதியம் கேண்டீனில் காத்திருந்தேன். ஆள் வரவில்லை.

காகிதத்தின் பின்புறமாகக் குத்துவதால் பிரெயிலை வலமிருந்து இடமாக எழுத வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்ததாம். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. என் மனைவி இருந்தவரை, வீட்டில் நான் எதையாவது ரிப்பேர் பண்ணி முடித்ததும், தங்கவேல் அன்று சொன்னதைத்தான் எனக்குச் சொல்லிக் காட்டுவாள்: “அண்ணா, எழுத்தெல்லாம் மூஞ்சியத் திருப்பிட்டு நிக்குதுங்க. எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?”

கெடு

சனிக்கிழமை ஆனால் தங்கவேலின் அப்பா ஊரிலிருந்து வந்து மகனைக் கூட்டிப்போவார். ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுவார். தோட்டத்தில் தண்ணீர் கட்ட ஆளில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். கார்த்திகையில் ஒரு நாள் என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். ஊர் பஸ் ஸ்டாண்டில் மகன் பெயருக்கு ஒரு எஸ்.டி.டி. டெலிபோன் பூத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். உட்கார்ந்த இடத்தில் பிழைப்பு. எதற்குக் கல்லூரி?

“அவன் நல்லாப் படிக்கறானுங்க” என்றேன்.

“படிப்பு இருக்கட்டுங்க. நாளைக்கு வாத்தியாரானாலும் நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் வகுப்புல உடோணுமா? பொங்கலுக்கு அவன் தனியா ஊடு வந்து சேரட்டும். ஆரு கையும் புடிக்கக் கூடாது. வந்துட்டான்னா படிக்கட்டும். இல்லீன்னா தை பொறந்ததும் பூத்துல உக்காந்துக்கட்டும், சொல்லிப்போட்டேன்.”

அக்கட்டயும் இக்கட்டயும்

பயிற்சியை ஆரம்பித்தோம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தங்கவேலை வெள்ளைக் கோலோடு நிறுத்தினேன். “நான் டீ வாங்கிட்டு வாரேன், இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டுப் போனேன். டீயோடு திரும்பினால் ஆளைக் காணோம். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா பத்திரமாகக் கடத்தி விட்டுப் போயிருக்கிறார். நான் காலிப்பரை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போய்ச் சேர்வதற்குள், ஒரு மில் தொழிலாளி அவனைப் பழைய இடத்திற்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

இரண்டாவது தடவையும் கடந்து வந்து, மூச்சு வாங்க, “வேண்டாம்னு சொல்றதுக்கு என்னப்பா?” என்று கத்தினேன். தங்கவேல் வருத்தத்தோடு சொன்னான்: “எப்படீங்ணா வேண்டாங்கறது? அந்தம்மா ‘வா கண்ணு’ன்னு கூப்பிட்டாங்களே!”

வேண்டாம் சொல்லும் பாடம்

எங்கள் பக்கத்து மரியாதைதான் அவனுக்கு முதல் எதிரி என்று அப்போதுதான் புரிந்தது. ‘வேண்டாங்க, நானே போயிக்கறேனுங்க’ என்ற வாக்கியத்தை அவனுக்கு மனப்பாடமாக்கினேன். காலையில் ஒரு தரம், படுக்கும்போது ஒரு தரம். யார் மனமும் நோகாமல், ஆனால் கையையும் கொடுக்காமல் சொல்ல வேண்டும். பையன் அதையே சதா முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரர் தோசையோடு வந்து நின்றார். தங்கவேல் தட்டின் மேல் கையை மறைத்து, “வேண்டாங்க, நானே போயிக்கறேனுங்க” என்றான். அவர் தோசையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஒரு தோசை வேண்டாங்கறதுக்கு எதுக்குங்க தம்பி ஊர உட்டே போறேங்கறாரு?”

பொங்கலுக்கு முதல் நாள்

தங்கவேல் ஊருக்கு ஏறிய பஸ்ஸிலேயே, அவனுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக நானும் ஏறினேன். காலிப்பர் படியில் மோதியது. முன்னாலிருந்து தங்கவேல் திரும்பாமலே, “அண்ணா, பொள்ளாச்சிக்கு அக்கா ஊட்டுக்குப் போறேன்னீங்க?” என்றான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் கண்டக்டர் ஏனுங்க என்னங்க என்று விசாரிக்க, பல்லடம் வருவதற்குள் பூத்து, கெடு, வாத்தியார் வேலை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்காக எழுந்த அத்தனை கைகளுக்கும் தங்கவேல் ‘வேண்டாங்க’ சொன்னான். ஒருவர் முகமும் கோணவில்லை.

அவன் ஊர் வந்ததும் கோலைத் தட்டிக்கொண்டு தானே இறங்கினான். பின்னாலேயே நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் கண்டக்டர், ஒரு ஜவுளி வியாபாரி, கைக்குழந்தையோடு ஒரு அம்மணி, இன்னும் சிலர். “தொட மாட்டமுங்க, சும்மா பாக்கறோம்” என்றார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஜன்னலில் கையை வைத்துக்கொண்டார். முன்னால் தங்கவேல் தனியாக நடக்க, சீர் கொண்டு போகிற கூட்டம்போல நாங்கள் பின்னால் நடந்தோம். எல்லார் கண்ணும் அவன் கோல் மேல்தான்.

அவன் வீட்டு வாசல் நிறையத் தேங்காய்ப் பருப்பு, அதாவது கொப்பரை, காயப் போட்டிருந்தது. தங்கவேலின் கோல் ஓரத்துப் பருப்பைத் தொட்டது. நின்றான், கோலால் விளிம்பைத் தடவித் தடவி, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போய் வீட்டுப் படியில் ஏறினான். நாங்கள் அவனையே பார்த்தபடி நேராக நடந்தோம். காலடியில் என்னவோ நொறுங்கியது.

உள்ளேயிருந்து அவன் அப்பா வந்தார். படியில் நின்ற மகனைப் பார்த்தார். பருப்பின் நடுவில் நின்ற எங்களைப் பார்த்தார். “ஆரும் கையப் புடிக்கலீங்க, நான் சாட்சி” என்று கண்டக்டர் அங்கிருந்தே கத்தினார்.

“சாட்சி சொல்றவரு மொதல்ல பருப்பு மேலிருந்து எறங்குங்க!” என்றார் அப்பா. பிறகு மகனின் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏனம்மிணி, கண்ணிருக்கற அத்தன பேரும் பருப்ப மிதிச்சுப்போட்டு நிக்கறாங்க, உன்ற பையன் ஒருத்தன் ஒதுங்கி வந்திருக்கறான், பூத்து நமக்கு வேண்டாம், எல்லாத்துக்கும் காப்பி வை.”

துணைக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: அவன் எப்படி நடக்கிறான் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நாம் எதை மிதிக்கிறோம் என்று பாருங்கள்.