முப்பத்தாறு மணி நேரப் பட்டினி

போன வருஷம் என் அண்ணன், சாப்பிட்ட கை காய்வதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என் மனைவிக்கு என் நெஞ்சின் மேலேயே கண். நச்சரித்து நச்சரித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் என் தொப்பையை மரியாதையாகப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் கொழுப்பும் கூடவே கொழுப்பு அமிலமும் பார்க்கச் சொல்லி எழுதினார். "பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறா இருங்க, போதும்."

போதுமாம்! பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படித்தே பாஸான ஆள் நான். பன்னிரண்டுக்கே நல்ல ரிசல்ட் என்றால் முப்பத்தாறுக்கு? வருஷம் பூரா தின்ற பரோட்டாவை ஒன்றரை நாளில் கழுவிவிடத் தீர்மானித்தேன். வியாழக்கிழமை ராத்திரியோடு வாயைக் கட்டினேன். வெறும் தண்ணீர்தான். "நீ சாப்பிட்டியா?" என்று மனைவியை ஒரே ஒரு தடவை கேட்டதாக ஞாபகம். "ஆச்சுங்க" என்றாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள், சாப்பிடாமலா இருப்பாள்? அதற்கு மேல் விசாரிக்க நேரமில்லை. வீட்டில் மகா தியாகி நான்தானே.

சனிக்கிழமை காலை. உடம்பில் எண்ணெய் தேய்த்து முழுக, திருநள்ளாறுக்கு பஸ் பஸ்ஸாகக் கூட்டம் போனது. உடம்புக்குள் எவ்வளவு எண்ணெய் என்று பார்க்க, நாங்கள் எங்கள் ஊர் தலத்தெருவிலிருந்து லேபுக்குப் போனோம். ஊசியோடு வந்த பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன், "முப்பத்தாறு மணி நேரம்மா!"

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஐயோ சார்! ரொம்பப் பட்டினி கிடந்தா, உடம்பு சேத்து வச்ச கொழுப்பைக் கரைச்சு ரத்தத்துல விடும். கொழுப்பு அமிலம் ஏறித்தான் காட்டும். இன்னைக்கு எடுத்துப் பிரயோஜனமில்ல."

பட்டினி கிடந்து கொழுப்பை ஏற்றிக்கொண்ட அறிவாளி யார் என்று சொல்ல மனைவி பக்கம் திரும்பினேன். பெஞ்சில் சரிந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறியது. அந்தப் பெண் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. லேபில் இருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். அண்ணன் போன அன்றைக்குக்கூட நான் இப்படிச் சாமியைக் கூப்பிடவில்லை.

கண் தெளிந்ததும், "நீ சாப்பிடவே இல்லையா?" என்று கேட்டேன். "நீங்க பட்டினியா இருக்கறப்ப எனக்கு எப்படிங்க எறங்கும்?" என்றாள். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறாள், புண்ணியவதி!

அவள் பையில் டிபன் பாக்ஸ். திறந்தால், எட்டு இட்லி. எனக்கு நாலு, எனக்கப்புறம் அவளுக்கு நாலு. ஒன்றைப் பிட்டு அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"நீங்க முதல்ல" என்று என் கையைத் தள்ளினாள்.

"வாயைத் திறடி!" என்று நான் அழுதுகொண்டே போட்ட சத்தத்தில் லேபே திரும்பிப் பார்த்தது.