கோடியக்கரையில் ஒரு தூக்கம்

என் மச்சான் பீட்டர்ராஜ் எங்கே என்று ராயப்பன்பட்டியில் யாரைக் கேட்டாலும், "காட்டுல இருப்பாக" என்றுதான் சொல்வார்கள். பகலில் கேட்டாலும் அதே பதில்தான், இரவில் கேட்டாலும் அதே பதில்தான். எங்கள் பக்கத்தில் காடு என்றால் விளைநிலம். மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற வாசம் மலைமேல் இருக்கும் காட்டுப்பன்றிகளுக்கு எப்படித்தான் எட்டுமோ, குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக இறங்கிவிடும்.

மச்சானும் எல்லாம் செய்து பார்த்தார். என் அக்கா ஜெசிந்தாவின் பழைய சேலைகளை நிலத்தைச் சுற்றிக் கட்டினார். சலூனிலிருந்து வெட்டிய முடியை மூட்டையாக வாங்கிவந்து வரப்பில் தூவினார். தன் அதட்டலையே பதிவு செய்து, இரவு முழுக்கக் கத்துகிற ஸ்பீக்கர் ஒன்றைக் கம்பத்தில் கட்டினார். சில நாள் பன்றிகள் பயந்தன. அப்புறம் எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். அவர் குரல் கேட்டால்தான் அவற்றுக்குப் பசியே எடுக்கிறது என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தார். டார்ச்சும் தகரமுமாகப் பரணில் ஏறி உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். பகலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், மாட்டைப் பார்க்க வேண்டும். தூங்குவதற்கு அந்த மனிதருக்கு ஒரு நேரம் என்று இல்லவே இல்லை.

ஒரு நாள் காலை காட்டிலிருந்து திரும்பும்போது பைக் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டார். வண்டி வாய்க்காலில் விழுந்தது. தோளில் சிராய்ப்போடு தப்பினார். ரத்தக்கொதிப்பு எக்கச்சக்கமாக இருக்கிறது, தூங்கவில்லையென்றால் அடுத்த தடவை சிராய்ப்போடு போகாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். அன்றைக்கே அக்கா, அவரைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு வருவதாக நேர்ந்துகொண்டாள்.

"கதிர் முத்தட்டும். ஒடிச்சுட்டுப் போவோம்" என்றார் மச்சான்.

"மாதாவுக்கு நேர்ந்ததத் தள்ளிப் போடக் கூடாதுங்க" என்றாள் அக்கா.

எங்கள் ஊரில் அதற்குமேல் பேச்சு கிடையாது. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பேசினோம். ராத்திரி புறப்பட்டு, காலையில் வேளாங்கண்ணிப் பூசை, கடல் குளியல், மத்தியானத்துக்கு மேல் கோடியக்கரையில் மானும் பூநாரையும் பார்ப்பதென்று திட்டம். உத்தமபாளையத்து உரக்கடையில் நின்று நின்று கால் வீங்கிக் கிடந்த எனக்கு அது பெரிய உல்லாசம். புறப்படுகிற அன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏலே இமானுவேலு, எனக்கு மானும் வேணாம் மயிலும் வேணாம். அவுக ஒரு நா நல்லாத் தூங்குனாப் போதும். அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

பக்கத்துக் காட்டுச் செல்லப்பாண்டி பரணில் இருப்பதாக ஏற்றுக்கொண்டான். "நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கண்ணே" என்றான். மச்சானும் தலையை ஆட்டினார். ஆனால் வேனில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்க, அவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருட்டில் ஓடுகிற வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பூசையில் அக்கா மச்சான் பேருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கடற்கரையில் எங்கள் தெருவே சின்னப்பிள்ளைகளாகி அலையில் விழுந்து எழுந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றார்.

"எம்புட்டுப் பெரிசு பாத்தியா மாப்ள! இதுக்கு வேலியும் இல்ல, காவலும் இல்ல" என்றார். பிறகு செல்லப்பாண்டிக்குப் போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. ராத்திரி முழித்தவன் தூங்குவான் என்று நான் சமாதானம் சொன்னேன். மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை போன் போட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

கோடியக்கரைக் காட்டுக்குள் வேன் போகும்போது ஒருவழியாக அவர் தலை ஜன்னலில் சாய்ந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். காட்டு வாசலில் எங்களோடு ஏறிய வழிகாட்டி, சத்தம் போட வேண்டாம் என்று வாயில் விரல் வைத்து, வண்டியை நிறுத்தச் சொன்னார். புல்வெளியில் வெளிமான் கூட்டம். முறுக்கிய கொம்போடு ஒரு கலைமான் நடுவில் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைத் தூக்கினோம்.

வேன் நின்ற குலுக்கலில் மச்சான் விழித்தார். பச்சைக்கு நடுவே தலை குனிந்து மேய்கிற கூட்டம் அவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

"ஏய்ய்ய்! ஓய் ஓய் ஓய்! போ அங்கிட்டு!"

எழுந்து வேன் தகரத்தைப் படபடவென்று தட்டினார். ஒரே துள்ளல். புல்வெளியில் ஒரு மான் இல்லை.

"ஐயா, இது அதுங்க மேயுற இடம்யா!" என்று வழிகாட்டி தலையில் கை வைத்தார். பின்சீட்டிலிருந்த வியாகுலமேரி டீச்சர், இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று வெடித்தார். மற்றவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன்.

"மேயுதேன்னு பதறிட்டேன் டீச்சர். மன்னிச்சுக்கங்க" என்று மச்சான் உட்கார்ந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சதுப்பு நிலத்தில் பூநாரைகள் தூரத்தில் வரிசையாக நின்றன. எல்லோரும் இறங்கி அந்தப் பக்கம் நடந்தார்கள். இன்னொரு முறை யாருடைய காட்சியையும் கெடுக்க வேண்டாமென்று மச்சான் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். படுத்ததுதான் தெரியும். குறட்டை வந்துவிட்டது. அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. வாய் திறந்து, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக, வெட்டிப் போட்ட மரம் மாதிரிக் கிடந்தார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தாள். செல்லப்பாண்டிதான். அவன் அழுவது எனக்கே கேட்டது.

"அக்கா, விடியப்போற நேரம் அசந்துட்டேங்கா. எல்லாம் போச்சு. ஓரத்துல நாலு வரிசைதான் நிக்கிது. அண்ணன் போன எடுக்கப் பயமா இருந்துச்சுக்கா."

அக்கா திரும்பி மச்சானைப் பார்த்தாள். பிறகு, "சரிப்பா. நீயும் எத்தன நேரந்தான் முழிப்ப? போயிப் படு" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒரு போகத்துப் பாடு முழுக்கப் போயிருந்தது. "மச்சான எழுப்புக்கா. அவுகளுக்குத் தெரிய வேணாமா?" என்றேன்.

"தெரிஞ்சு? பன்னி வயித்துக்குள்ள கையவிட்டு எடுக்கப் போறாகளா?"

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. பூநாரை பார்த்தவர்கள் திரும்பிவந்து வேனில் ஏறினார்கள். டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போக, அக்கா எழுந்து நின்று வேண்டாமென்று கையை ஆட்டினாள். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவர்களை அனுப்பினாள். டீச்சரே டிரைவரிடம் சத்தமில்லாமல் வண்டியை எடுக்கச் சொன்னார்.

வேன் போனதும் குரங்குகள் நாலைந்து எங்கள் முறுக்குப் பையை நோக்கி வந்தன. நான் அதட்ட வாயெடுத்தேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் போய் அவற்றை விரட்டிவிட்டு, திரும்பி வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"மிச்சம் இருக்குறது இந்தத் தூக்கந்தான்லே" என்றாள். "இதுல எதையும் வாய் வைக்க விட மாட்டேன்."