சந்தனத்தில் நின்ற விமானம்

பட்டறையில் காற்று ஊதும் எந்திரத்தின் இரைச்சலில் முதலில் எனக்குக் காதில் விழவில்லை. உதவியாளர் முத்து அதை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார்: "சார், நம்ம சௌந்தரராஜன் சார் காலையில போயிட்டாருங்க. ஸ்ரீரங்கத்துலேருந்து ஆள் வந்திருக்கு." எனக்குக் கோபம்தான் வந்தது. போன வாரம்தான் அடுத்த சோதனைக்குத் தகரம் வெட்டி வைக்கச் சொல்லியிருந்தார். இதுவா போகிற வயது?

திருச்சிக் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் பிடிவாதம் தெரியும். ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தில், எஞ்சினுக்குள் நுழையும் காற்று அதிகமானால் வெளியே விடச் சிறு கதவுகள் உண்டு. ஒரு பக்கக் கதவு மட்டும் திறந்தால் அந்தப் பக்கம் இழுவை கூடும். விமானத்தின் மூக்கு அங்கே திரும்பும். ஆகவே கதவையும், மூக்கைத் திருப்பும் வால் சுக்கானையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது அவருடைய ஆய்வேடு. "இரண்டும் வேறு வேறு. பிரித்து எழுதினால் பட்டம் உண்டு" என்று தேர்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பிரித்து எழுதிவிடுங்கள் என்றுதான் நானும் சொன்னேன்.

"கட்டிப்போட்ட மாடு எந்தப் பக்கம் திரும்பும்னு எப்படி ஓய் தெரியும்? அவுத்து விட்டுப் பார்ப்போம், வாரும்" என்றார் சௌந்தரராஜன்.

மாதிரி விமானத்தை இறுக்கிப் பொருத்தாமல், தானே திரும்பும்படி ஓர் அச்சின் மேல் நிறுத்தினார். எங்கள் எந்திரத்தின் காற்று ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. மூக்கு எந்தப் பக்கம் என்று காட்ட அது போதும் என்பார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் தேர்வாளர் நேரில் வந்தார். இடது கதவு திறந்தது. காற்று சீறியது. விமானம் அசையவே இல்லை. தேர்வாளர் சிரித்துக்கொண்டே முக்கொம்பு அணை பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சௌந்தரராஜன் குனிந்து பார்த்தார். அச்சில் சந்தனம். பூஜையன்று எல்லா எந்திரங்களுக்கும் பொட்டு வைத்தவர், தன் செல்ல அச்சுக்கு மட்டும் தாராளமாக அப்பியிருந்தார். அது காய்ந்து இறுகிக் கிடந்தது. "பக்தி ஜாஸ்தியாயிடுத்து ஓய்" என்றபடி சுரண்டி எண்ணெய் விட்டார். வேறு யாராயிருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் முக்கொம்புக்கு பஸ் ஏறி, பாதிச் சாப்பாட்டில் இருந்த தேர்வாளரை எழுப்பிக் கூட்டி வந்தார்.

இந்த முறை இடது கதவு திறந்ததும் மூக்கு மெல்ல இடப்பக்கம் திரும்பியது. வலது கதவுக்கு வலப்பக்கம். தேர்வாளர் தானே கதவுகளை மாற்றி மாற்றித் திறந்து பார்த்துவிட்டு, "சேர்த்தே எழுதுங்க சார்" என்றார்.

எழுதினார். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் ஒரு சோதனை பாக்கி. அதற்குள் போய்விட்டார். அவர் இல்லாத பட்டறை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தினம் போகிறேன். அவருடைய அச்சு என்னிடம்தான் இருக்கிறது. இடுக்கில் இன்னும் கொஞ்சம் சந்தனம். அவர் பிடிவாதத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். காரியங்கள் முடிந்ததும் முத்து எந்திரத்தைப் போடுவார். தகரம் வெட்டியாகிவிட்டது.