மூன்றாவது ஓட்டத்தில் பாஸ்

படப்பையில் பேக்கேமன் ஆடுகிறவர் ஒருவரும் இல்லை, மாரிசெல்வி உட்பட. தாயத்துக்குத் தூரத்து உறவான ஆட்டம். இரண்டு பகடை, ஆளுக்குப் பதினைந்து காய். விதிகளை மட்டும் அச்செடுத்து மனப்பாடம் செய்திருந்தாள். 2006இல், அந்த ஆட்டத்தைத் தானே ஆடும் நிரலொன்றைப் பிரவுசருக்குள் ஓடவைக்கும் வேலை அவளிடம் வந்தது.

யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் போட்டுவைத்த நிரல். சி மொழியிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு வரிவரியாக மாற்ற வேண்டும். முடித்துக் காட்டினால் வேலை தருவதாகத் தாம்பரத்தில் சிறு கம்பெனி நடத்திய அண்ணாதுரை சொல்லியிருந்தார். அவளுக்கு அது அவசியம். சங்கரன்கோவிலிலிருந்து கம்ப்யூட்டர் டிப்ளமோவோடு வந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செல்போன் சார்ஜர் போர்டுகளைச் சோதிக்கும் மெஷினில் மூன்று வருடம் நின்றவளுக்கு மாதக் கடைசியோடு ஒப்பந்தம் தீர்கிறது.

அந்த லைனில் ஒரு வழக்கம். சிவப்பு விளக்கு எரிந்த போர்டை மறுபடி மெஷினில் வைப்பார்கள். மூன்று தடவைக்குள் பச்சை வந்தால் பாஸ். உலகத் தரமே உயிர் என்று எதிர்ச்சுவரில் எழுதியிருந்தது.

ஞாயிறுகள் பிரவுசிங் சென்டரில் கழிந்தன.

“ஏட்டி, ஒரு பயலும் வெளையாடாத வெளையாட்டுக்கா இந்தப் பாடு?” என்றாள் அறைத்தோழி அன்னக்கிளி.

“நாம செக் பண்ணுத சார்ஜரைச் சொருக நம்மகிட்ட போனா இருக்கு?”

கடைசி ஞாயிறன்று, வெட்டுப்பட்டு வெளியே கிடந்த காயை முதலில் உள்ளே கொண்டுவராமல், கணினி வேறொரு காயை நகர்த்தியது. விதிப்படி அது கூடாது. மறுபடி ஓட்டினாள். பகடை வேறு விழுந்தது, சரியாக ஆடியது. மூன்றாவது முறையும் சரி. எழுந்துவிட்டாள்.

அண்ணாதுரை ஆடியபோது ஐந்தாவது ஆட்டத்தில் கணினிக்கு இரட்டை ஆறு விழுந்தது.

“இன்னாம்மா, வெட்டுன காய் வெளிய கீது, இது பாட்டுக்கு வேற காய இட்டுக்கினு ஊர் சுத்துது?”

“இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க சார்.”

ஓட்டினார். சரியாக ஆடியது.

“அப்போ மொதல்ல வந்தது?”

“இப்ப பாஸ் ஆயிட்டுல்லா சார்.”

அவர் அவளையே பார்த்தார். “முன்னாடியே பாத்துக்கீறியா இத?”

“ஒரு தடவ.”

பார்க்கவில்லை என்றிருந்தால் ஒருவேளை வேலை கிடைத்திருக்கும். அவளுக்குப் பொய் பழக்கமில்லை.

“தப்பு வந்தா திருத்திக்கலாம்மா. பாத்துட்டும் வுட்டியே.”

“எனக்கு இன்னொரு தடவ குடுங்க சார்.”

அவர் பிரவுசரை மூடிவிட்டுக் கணினியை அணைத்தார்.

அடுத்த மாதம் ஒரகடத்தில் இன்னொரு தொழிற்சாலை, இன்னொரு ஒப்பந்தக்காரர், அதே மாதிரி மெஷின். மூன்று வருட அனுபவத்துக்காக உடனே எடுத்துக்கொண்டார்கள். முதல் நாளே ஒரு போர்டுக்குச் சிவப்பு எரிந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்தாள்.

“புதுசா நீ?” என்றார் சூப்பர்வைசர். “மூணு தபா வெச்சிப் பாரும்மா.”

வைத்தாள். மூன்றாவதில் பச்சை எரிந்தது.