காப்பு கட்டிய ஊரும் எரிந்த உலையும்

கோகிலவாணிக்குப் பொறுமை என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவேயில்லை. சோறு வேகும்முன் மூடியைத் திறப்பாள். ஒடுகத்தூரில் பேருந்து நிற்கும்முன் குதிப்பாள். அவளுக்குப் போய் வாய்த்தது லித்தியம் பேட்டரிக்கான படிகம் வளர்க்கும் ஆராய்ச்சி! அதில் நிக்கல் அணுவும் மாங்கனீசு அணுவும் பந்தியில் இலை பார்த்து உட்காருவதுபோல் அதனதன் இடத்தில் அமர வேண்டும். அதற்கு உலைச் சூட்டிலேயே நெடுநேரம் விட்டுவைக்க வேண்டும். இவளோ பாதியிலேயே வெளியே இழுத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரே தள்ளுமுள்ளு.

“இந்தத் தடவையும் கலைஞ்சு கெடந்தா தலைப்பை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்” என்று சென்னையில் அவளுடைய வழிகாட்டி ராஜேஸ்வரி மேடம் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு.

படிகப் பொடியை உலையில் வைத்து, சூட்டை எழுநூறு டிகிரியில் நிறுத்தி, யாரும் கைவைக்காதபடி அறையைப் பூட்டிச் சாவியோடு ஜவ்வாது மலையிலுள்ள சொந்த ஊருக்கு வந்தாள். மறுநாளே திரும்புவதாகத் திட்டம்.

மறுநாள் காலையில் பெரியப்பா ரங்கசாமி வாசலை மறித்தார்.

“இன்னாம்மா, பையத் தூக்கிட்ட? மாரியம்மனுக்குக் காப்பு கட்டியாச்சு. திருவிழா முடியற வரைக்கும் ஊர வுட்டு வெளிய ராத்தங்கக் கூடாது.”

“பெரிப்பா, அங்க என் உலை எரியுதுங்க!”

“எரியட்டும். வூடா பத்திக்கப் போவுது?”

மேடத்துக்குப் போன் செய்தாள். சாவி மலையில் இருப்பதைக் கேட்டதும் அவர் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற அம்மாவே பயந்துபோனாள். கூழ் ஊற்றினார்கள், பொங்கல் வைத்தார்கள். கோகிலவாணி மட்டும் அளவுக்கு மீறி வெந்து கெட்டுப்போயிருக்கும் படிகத்தை நினைத்து, அம்மனைத் திட்டி, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திருவிழா முடிந்து ஊரார் விட்டதும் சென்னைக்கு ஓடினாள். உலையை ஆறவிட்டு, இத்தனை நாளும் சூட்டிலேயே கிடந்த பொடியை எடுத்து, லேசர் பாய்ச்சிப் பார்க்கும் கருவியில் வைத்தாள். வரைபடத்தில் இதுவரை ஒரே மேடாகக் குழம்பியிருந்த இடத்தில் கோடுகள் பளிச்சென்று பிரிந்து நின்றன. அணுக்கள் ஒன்று விடாமல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன! கோகிலவாணி அழுதேவிட்டாள்.

மேடம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

“தலைப்பு உன்னோடதுதான். இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு காட்டு. எப்போ தருவே? நாளைக்கா?”

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

“அதெல்லாம் நாளாகுங்க மேடம். கொஞ்சம் பொறுங்க.”